சேலத்தின் முதல் கதாநாயகியைப் பார்க்க வழியில்லை

மாடர்ன் தியேட்டர்ஸ் என்றதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மூச்சு விடாமல் படங்களை அடுக்குவார்கள். 'மந்திரி குமாரி', 'திரும்பிப் பார்', 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'வல்லவனுக்கு வல்லவன்' என்று பட்டியல் நீளும். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் வளைவு இன்னும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. சரி, அந்த நிறுவனம் எடுத்த முதல் படம் எது, அதில் கதாநாயகி யார் என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் சொன்னவர் நம் முகத்தைப் பார்ப்பார்.

படம் 'சதி அகல்யா', வெளியான ஆண்டு 1937. கதாநாயகி கே. தவமணி தேவி.

இதைக் கம்பைநல்லூரிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1965 அக்டோபர் 2ஆம் தேதி தர்மபுரி தனி மாவட்டமாகும்வரை நாங்கள் சேலம் மாவட்டம். தாசில்தார் ஆபீஸ் கணக்கில் பிரிந்த பிறகும் சினிமா வியாபாரத்தில் பிரியவில்லை. விநியோகஸ்தர்களுக்கு நாங்கள் எப்போதும் 'சேலம் ஏரியா'தான். என் அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். சேலத்திலிருந்து ரயிலில் மொரப்பூர் வந்து இறங்கும் ஃபிலிம் பெட்டிகளுக்காக அவர் காத்திருந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். பிறகு பள்ளி ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது எனக்கு இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பழைய படங்களைத் தேடுவதில் போகிறது.

தவமணி தேவி யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துப் பெண். நடனம் கற்றவர், சங்கீதம் தெரிந்தவர். பின்னணிப் பாட்டு வழக்கத்துக்கு வராத காலத்தில், கேமரா முன்னால் நின்று சொந்தக் குரலில் பாடி நடிக்க வேண்டிய தலைமுறையைச் சேர்ந்தவர். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி.ஆர். சுந்தரம், சேலத்தில் ஸ்டுடியோ கட்டி முதல் படத்தைத் தானே இயக்கத் துணிந்தபோது, அகலிகை வேடத்துக்கு இவரைத் தேர்ந்தெடுத்தார். கடல் கடந்து வந்த ஒரு பெண்ணை நம்பித்தான் தென்னிந்தியாவின் மிகப் பெரிய படக் கம்பெனிகளில் ஒன்று தொடங்கியது. அதற்குப் பிறகு அந்த ஸ்டுடியோவில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் பல மொழிகளில் உருவாயின.

அந்தப் படத்தைப் பற்றி இன்று மிஞ்சியிருக்கும் பேச்சு என்ன? நாயகி நீச்சலுடையில் நிற்கும் படம் ஒன்று விளம்பரத்துக்காக வெளியிடப்பட்டது, ஊர் பரபரத்தது என்பதுதான். சினிமா வரலாறு எழுதியவர்கள் அதைத் தவறாமல் குறித்திருக்கிறார்கள். அவர் எப்படிப் பாடினார், சாபம் வாங்கும் காட்சியில் முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்பதைச் சொல்ல யாரும் இல்லை. பார்த்தவர்கள் போய்விட்டார்கள். நான் தேடிய இடத்திலெல்லாம் பிரதியும் இல்லை. ஒரு புராணக் கதையில் நடித்த பெண்ணின் வேலை முழுக்க அழிந்து, அவர் போட்டிருந்த உடை மட்டும் பேச்சாக நிற்பது எனக்கு ஆறவில்லை.

1941இல் 'வன மோகினி' வந்தது. காட்டில் வளர்ந்த பெண்ணாகத் தவமணி தேவி, நாயகனாக எம்.கே. ராதா. பின்னால் இந்தி சினிமாவில் பெரும்பெயர் எடுத்த பகவான் இயக்கிய படம். இந்தியில் பிற்பாடு கொடிகட்டிப் பறந்த சி. ராம்சந்திரா, இசையமைப்பாளராகக் கால் ஊன்றிய தொடக்க காலப் படங்களில் இதுவும் ஒன்று. சந்துரு என்ற யானையின் பெயரும் நடிகர் பட்டியலில் உண்டு. ஹாலிவுட்டில் 1936இல் டோரதி லாமூர் 'தி ஜங்கிள் பிரின்சஸ்' படத்தில் சாரோங் சுற்றிக்கொண்டு வந்து புகழ்பெற்றார். அந்தச் சாயலில்தான் இந்தப் படமும் தவமணியின் உடையும் அமைந்தன.

என் அம்மா சிறுமியாக இருந்தபோது அதை டென்ட் கொட்டகையில் பார்த்திருக்கிறார். அவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியதெல்லாம் யானையைப் பற்றியும் பாட்டைப் பற்றியும்தான். "அந்தப் பொண்ணு யானைகிட்ட பேசும் பாரு கண்ணு, நம்ம வூட்டு மாட்டுகிட்ட நாம பேசற மாதிரியே இருக்கும். பயமே இல்ல அதுக்கு" என்பார். உடையைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மண் தரையில் உட்கார்ந்து பார்த்த ஒரு சிறுமிக்கு அந்த நடிகையிடம் பட்டது அவருடைய தைரியம். எழுதி வைத்தவர்கள் ஆண்கள். அவர்கள் கண்ணுக்குப் பட்டது வேறு. இந்த இரண்டில் எது நியாயம் என்று நானே பார்த்து முடிவுசெய்ய எனக்கு உரிமை இல்லையா? படம் கையில் இருந்தால்தானே பார்ப்பேன்!

1946இல் 'வித்யாபதி'. ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த அந்தப் படத்தில் தேவதாசி மோகனாம்பாள் வேடம் அவருக்கு, எம்.என். நம்பியார் நாராயண பாகவதராக வந்து சிரிக்க வைத்தார். அடுத்த ஆண்டு 'ராஜகுமாரி'. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம், ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கியது, இளைஞரான மு. கருணாநிதி வசனத்தில் பங்கெடுத்தது. அதில் நாயகி கே. மாலதி. நாயகனை ஆசைப்பட்டு மடக்கப் பார்க்கும் ராணி வேடம் தவமணி தேவிக்கு. தன் உடையைத் தானே முடிவு செய்துகொண்டு படப்பிடிப்புக்கு வந்தார், இயக்குநர் திகைத்துப் போனார் என்று சொல்வார்கள். இதையும் வம்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. பத்தாண்டு அனுபவமுள்ள ஒரு நடிகை, தன் பாத்திரம் எப்படிப்பட்டவள் என்று தானே யோசித்து வந்திருக்கிறார். அதே வேலையை ஒரு ஆண் நடிகர் செய்திருந்தால் தொழில்பக்தி என்று புகழ்ந்திருப்போம்.

1949இல் 'நாட்டிய ராணி' வந்தது. அதோடு ஏறத்தாழ முடிந்தது. பன்னிரண்டு வருஷம், பத்துப் பன்னிரண்டு படங்கள். பிறகு ராமேஸ்வரத்தில் கோடிலிங்க சாஸ்திரியை மணந்துகொண்டு, பக்தியும் வழிபாடுமாக அங்கேயே வாழ்ந்து 2001இல் காலமானார். திரையில் இருந்த காலத்தைப் போலப் பல மடங்கு காலம் அவர் அதற்கு வெளியே இருந்திருக்கிறார். அத்தனை வருஷங்களும் அவரைத் தேடிப்போய் உட்காரவைத்து, 'அம்மா, அந்த முதல் படத்தில் என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று முறையாகப் பதிவு செய்துகொள்ள அரசோ பல்கலைக்கழகமோ ஒரு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ராமேஸ்வரம் ஒன்றும் எட்டாத ஊர் இல்லை.

கவனித்தால் ஒன்று புரியும். அவர் நடித்த படங்களில் இன்று நம்மால் எளிதாகப் பார்க்க முடிவது, பிறர் புகழுக்காகக் காப்பாற்றப்பட்டவை. 1940இல் வந்த 'சகுந்தலை' எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்தது என்பதற்காக நிலைத்தது. அதில் தவமணி தேவி மேனகை. 'ராஜகுமாரி' எம்.ஜி.ஆருக்காக நிலைத்தது. அவரே நடுநாயகமாக நின்ற 'சதி அகல்யா' எங்கே என்று தெரியவில்லை. 'வன மோகினி'யைத் திரையில் பார்க்க எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. இவ்வளவு பெரிய வாழ்க்கையிலிருந்து நமக்குக் கிடைப்பது, மற்றவர்கள் படத்தின் ஓரங்களில் அவர் வந்துபோகும் நிமிடங்கள்.

குறைந்த காலமே நடித்த நடிகைகள் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் கிரேஸ் கெல்லி நடித்தது 11 படங்கள். முதல் படம் 1951இல். 1956இல் மொனாக்கோ இளவரசரை மணந்துகொண்டு சினிமாவை விட்டு விலகினார். அந்தப் பதினொன்றையும் இன்று உட்கார்ந்து பார்க்கலாம். அவர் நல்ல நடிகையா, வெறும் அழகியா என்று ஒரு கல்லூரி மாணவி படம் படமாகப் பார்த்து வாதாடலாம். அமெரிக்காவிலும் எல்லாம் பத்திரமாக இருந்துவிடவில்லை. 1950க்கு முன் அங்கே எடுக்கப்பட்ட படங்களில் பாதி அழிந்துவிட்டதாக மார்ட்டின் ஸ்கார்செசி தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷன் மதிப்பிடுகிறது. ஆனால் இழந்ததை உணர்ந்து சட்டம் போட்டார்கள். 1988 முதல் அங்கே தேசியத் திரைப்படப் பதிவேடு இருக்கிறது. நாடாளுமன்ற நூலகம் ஆண்டுக்கு 25 படங்களைத் தேர்ந்து அதில் சேர்க்கிறது.

இதைவிட உறைக்கும் உதாரணம் சேலத்திலேயே இருக்கிறது. 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற படத்தை எடுத்தது, தமிழில் 'காடு'. ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் என்று ஹாலிவுட் நடிகர்கள் நடித்தது. அந்த ஆங்கிலப் படத்தை இன்றும் டிஸ்க் வாங்கிப் பார்க்கலாம். ஒரே ஸ்டுடியோ, ஒரே டி.ஆர். சுந்தரம். மேரி வின்ட்சர் பாதுகாப்பாக இருக்கிறார். அதே ஸ்டுடியோவின் முதல் நாயகி இல்லை. முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' 1938இல் இதே மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்ததுதான். அதன் நாயகி எம்.கே. கமலம். அந்தப் படமும் போய்விட்டது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) போய்விட்டது, நாயகி டி.பி. ராஜலட்சுமியை அதில் இனி யாரும் பார்க்கப் போவதில்லை.

ஃபிலிம் எப்படி அழிகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். எங்களைப் போன்ற 'சி சென்டர்' ஊர்களுக்குப் படம் வரும்போது அது பெரிய ஊர்களில் எல்லாம் ஓடித் தேய்ந்திருக்கும். அப்பா மத்தியானமே பெட்டியைத் திறந்து ரீல்களை ஒவ்வொன்றாகக் கையால் ஓட்டிப் பார்ப்பார். ஓரத்துத் துளைகள் கிழிந்திருந்தால் விரல் நுனிக்குத் தெரியும். கத்தரியால் நேராக வெட்டுவார். பிளேடால் ஒரு முனையின் மேல்பூச்சைச் சுரண்டுவார். ஃபிலிம் சிமென்ட்டைச் சின்ன பிரஷ்ஷால் தொட்டு வைத்து இரண்டு முனைகளையும் சேர்த்து அழுத்துவார். அறை முழுக்க வாழைப்பழ எசன்ஸ் மாதிரி ஒரு வாசனை அடிக்கும். ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு மூன்று ஃபிரேம் போகும். ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். ஊர் ஊராக இப்படி ஒட்டி ஒட்டி, பாட்டில் ஒரு வரி, வசனத்தில் ஒரு வார்த்தை என்று படம் கரைந்துகொண்டே வரும். வெட்டி எறியும் துண்டுகள் எங்களுக்கு. தண்ணீர் நிரப்பிய பல்பும் கண்ணாடியும் வைத்து வெயிலைத் திருப்பி, அந்தத் துண்டுகளைச் சுவரில் காட்டுவோம். அப்பா பார்த்தால் மட்டும், "வெயில்ல ரொம்ப நேரம் காட்டாத சாமி, சுருங்கிப் போயிரும்" என்பார்.

ஓட்டம் முடிந்த பிரதிகளின் கதி இதைவிட மோசம். பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி உண்டு. அதைக் கழுவி வெள்ளி எடுப்பதற்கென்றே வியாபாரிகள் இருந்தார்கள். மிச்சமாகும் செல்லுலாய்டு, வளையல் செய்யவும் கைப்பை செய்யவும் போனது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தொடங்கப்பட்டு, பி.கே. நாயர் இறங்கித் தேடியபோது, பல படங்கள் இப்படித்தான் போயிருந்தன என்பதை அவர் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. 2003இல் புனேயில் நடந்த தீவிபத்தில், சேகரித்து வைத்திருந்த நைட்ரேட் படச்சுருள்களும் பெருமளவில் எரிந்தன. புனேக்குப் போய்ச் சேர்ந்தவற்றுக்கே இந்த நிலைமை என்றால், சேலத்துக் கிடங்குகளில் கிடந்தவற்றைப் பற்றி என்ன சொல்ல!

என் கோரிக்கை இதுதான். தமிழ்நாடு அரசு தனக்கென ஒரு திரைப்படக் காப்பகம் அமைக்க வேண்டும். அதைச் சேலத்தில் அமைக்க வேண்டும். சென்னை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடற்கரை ஊரின் ஈரக்காற்று ஃபிலிமுக்கு எதிரி. சேலம் உலர்ந்த ஊர். மாடர்ன் தியேட்டர்ஸ் சரித்திரம் அங்கே இருக்கிறது. பழைய விநியோகஸ்தர்களின் குடும்பங்கள், மூடிக்கிடக்கும் தியேட்டர்களின் கிடங்குகள் எல்லாம் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் என்று சுற்றிலும் இருக்கின்றன. வளைவைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள், நல்லது. அந்த வளைவுக்குள் உருவான படங்களைக் காப்பாற்றுவது அதைவிட அவசரம்; வளைவு கல்லும் சுண்ணாம்பும், இன்னும் பல காலம் தாங்கும்.

காப்பகம் என்றால் ரீல் மட்டும் இல்லை. பாட்டுப் புத்தகங்கள், கிராமபோன் இசைத்தட்டுகள், நோட்டீஸ்கள், ஸ்டில்கள் எல்லாம் அதில் அடங்கும். தொலைந்த படத்துக்குப் பாட்டுப் புத்தகம்தான் கடைசிச் சாட்சி. பாதிக் கதையைச் சொல்லி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்தும் அந்த மெல்லிய புத்தகத்தில் நடிகர் பட்டியல் இருக்கும், யார் எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்ற விவரம் இருக்கும், ராகம்கூடப் போட்டிருப்பார்கள். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனி மனிதராக ஆயுள் முழுக்கச் சேர்த்ததை அரசு வாங்கியது. ரோஜா முத்தையா நூலகம் பழைய பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாக்கிறது. மும்பையில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் 2014 முதல் இயங்கி, பழுதான சுருள்களைக் கையாளப் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது, சென்னையிலும் நடத்தியிருக்கிறது. ஆட்களும் அறிவும் இருக்கின்றன. இல்லாதது, இவர்களையெல்லாம் சேர்த்து வைத்து, குளிரூட்டிய அறையும் சம்பளமும் கொடுக்கும் ஓர் அரசு ஆணை.

சினிமாவிலிருந்து வந்தவர்கள் ஐந்து பேர் முதல்வராக இருந்த மாநிலம் இது. அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜானகி அம்மாள், ஜெயலலிதா. கேளிக்கை வரியாகச் சினிமா இந்த அரசுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தது கொஞ்சமா? டூரிங் டாக்கீஸின் தரை டிக்கெட்டிலும் வரி உண்டு. எங்கள் ஊர்க் கூலிக்காரர்கள் கட்டிய வரி அது.

எங்கள் மாவட்டத்தில் குடிதண்ணீரில் ஃபுளோரைடு கலந்து பல்லும் எலும்பும் கெட்டுப்போன ஜனங்களை நான் வகுப்பில் பார்த்தவள். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 'தண்ணிக்கே கஷ்டப்படற மாவட்டத்துல பழைய சினிமாவுக்கு எதுக்கு டீச்சர் காசு?' என்று என்னிடமே கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியை நடுகற்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மாடு மீட்கச் செத்தவனின் பெயர் நமக்கு வேண்டும் என்று நினைத்ததால் வைத்தோம். வேலை செய்து பிழைத்த பெண்களின் பெயரும் வேலையும் வேண்டாமா? தவமணி தேவியின் தலைமுறைப் பெண்கள், நடிக்க வந்தாலே நாலு பேர் நாலு விதமாகப் பேசிய காலத்தில் வந்தவர்கள். ஆர்க் விளக்குகளின் சூட்டில் நின்று, பாடி, ஆடி, வசனம் பேசி, பேசும் படம் என்றால் என்ன என்பதை இந்த மொழிக்குச் செய்து காட்டியவர்கள். அந்த உழைப்பைப் பார்க்காமலே அவர்களைக் 'கவர்ச்சி நடிகை' என்று ஒரு பெட்டிக்குள் போட்டு மூடுவது, இன்று சினிமாவில் வேலை செய்யும் பெண்களையும் தொடுகிறது. நேற்றைய பெண்ணின் வேலைக்குச் சாட்சி இல்லாவிட்டால், இன்றைய பெண்ணைப் பற்றியும் வம்புதான் மிஞ்சும்.

அரசு ஆணை வரும்போது வரட்டும். அதுவரை சேலம் ஏரியாவில் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ மூடிய கொட்டகையின் அறையிலோ தகரப் பெட்டியில் ஃபிலிம் சுருள் கிடந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் திறக்காதீர்கள். 1950க்கு முந்தையது என்றால் அது நைட்ரேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது. காடி வாசனை அடித்தால் பிந்தைய ரக ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து வையுங்கள். சுற்றியிருப்பதை இழுத்துப் பார்க்க வேண்டாம். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்காமல், அதைப் போட்டோ எடுத்து, படத்தின் பெயரும் ரீல் எண்ணும் குறித்துக்கொண்டு, புனேக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பாட்டுப் புத்தகமாக இருந்தால் செல்லரிக்காமல் துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அட்டையில் 'சதி அகல்யா' என்று இருந்தால், எனக்கும் ஒரு தகவல் சொல்லுங்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுகிறேன்.